புருவம் சொன்ன சம்மதம்

ரொசெந்தா வாய் திறந்து பேசி எங்கள் சந்தில் யாரும் அதிகம் கேட்டதில்லை. அதை ஒரு குறையாகவும் யாரும் நினைத்ததில்லை. பிலிப்பைன்ஸில் இந்தச் செபுவில் பேசாமல் வாழ்வது அத்தனை சுலபம். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறவருக்குப் புருவத்தை ஒரு முறை தூக்கி இறக்கினால் போதும், ஆமாம் என்று புரிந்துகொண்டு போய்விடுவார். ஊருக்குள் ஆள் ஏற்றி ஓடும் ஜீப்னியில் இறங்குமிடம் வந்ததும் தலைக்கு மேலிருக்கும் கம்பியில் காசால் இரண்டு தட்டு தட்டினால் வண்டி நிற்கும். சாப்பாட்டுக் கடையில் சட்டி மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு விரலை நீட்டினால் தட்டில் குழம்பு விழும். இப்படி ஒரு ஊரில் ஒரு பெண்ணின் குரல் மெல்ல மெல்லக் காணாமல் போனால் யாருக்குத் தெரியப்போகிறது?

அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கணவன் தெயோ போஹோல் தீவுக்குப் போகும் கப்பலில் சரக்கு ஏற்றுகிறவன், பெரிய பேச்சுக்காரன். சந்தையில் மீன் விலை கேட்பதிலிருந்து பாதிரியாரிடம் வம்பளப்பது வரை மனைவிக்கும் சேர்த்து அவனே பேசிக்கொண்டிருந்தான். ஒரு மத்தியானம் துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போது சரிந்து விழுந்தவன் எழவே இல்லை. அதோடு அந்த வீட்டின் பேச்சில் பாதி போயிற்று. மீதிப் பாதி மகள் ஜோவெலின், சந்தில் எல்லோருக்கும் ஜோபிங். அவளும் ஆறு வருடத்துக்கு முன்பு நியூசிலாந்தில் முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்விட்டாள்.

ரொசெந்தா செய்த வேலைக்கும் வாய் வேண்டியிருக்கவில்லை. ஏதோ ஒரு நாட்டு விடுதிகளில் அறை பிடிக்கிறவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே கணினியில் பதில் தட்டுவாள். "உங்கள் தேனிலவு இனிதாக அமையட்டும்" என்று முகம் தெரியாத யாருக்கோ ஆங்கிலத்தில் தட்டுவாள். அந்த விரல்களில் இருந்த கனிவைப் பாராட்டாத வாடிக்கையாளர் இல்லை. மேசையை விட்டு எழுந்தால் அந்த அறையில் மின்விசிறிச் சத்தம்தான்.

ஜோவெலினுக்கு அங்கே கேலம் என்ற பையனோடு கல்யாணம் நிச்சயமானது. ரொசெந்தாவுக்கு விசா கிடைக்கவில்லை. மகள் போனில் அழுதாள். தாய் அழவில்லை, திரையில் தெரியும்படியாவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, நரைத்த குட்டை முடி, மடியில் பூனை.

"நான் ஹெதர். கேலமோட அம்மா. ஜோவெலினுக்குத் தெரியாமக் கூப்பிடறேன். நாம ரெண்டு பேரும் அம்மாக்களாப் பேசிக்கலாமேன்னு."

அவர் சொன்ன ஒவ்வொரு ஆங்கில வார்த்தையும் ரொசெந்தாவுக்குப் புரிந்தது. தட்டச் சொல்லியிருந்தால் ஒரு பக்கம் தட்டியிருப்பாள்.

"நீங்க இல்லாம இங்க கல்யாணம் நடக்கிறது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. உங்களுக்கு இதுல சம்மதம்தானே?"

ரொசெந்தா புருவத்தைத் தூக்கினாள்.

ஹெதர் காத்திருந்தார். "நான் பேசறது கேக்குதா?"

மறுபடி புருவம். தன்னால் முடிந்தவரை நன்றாகவே தூக்கினாள், மரியாதையாக இருக்கட்டும் என்று.

"கேலமைப் பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

புருவம்.

ஹெதர் திரைக்கு நெருங்கி வந்து விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "படம் அப்படியே நின்னுடுச்சு போல" என்று பூனையிடம் சொன்னார். அப்போதுதான் ரொசெந்தாவுக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை காற்றில் ஆடியது. படம் நிற்கவில்லை. ஹெதரின் முகம் மெல்ல வாடுவதை ரொசெந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. உதடு பிரியவில்லை.

"சரிங்க. உங்க மனசு எனக்குப் புரியுது" என்று சொல்லிவிட்டு ஹெதர் போனை வைத்தார்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். வணக்கம் இல்லை, சாப்பிட்டாயா இல்லை.

"என்ன மா பண்ணி வெச்சிருக்க? ஹெதர் சமையலறையில உக்காந்து அழறாங்க. நீ எதுக்குமே பதில் சொல்லலையாமே?"

தாயின் புருவம் தானாக மேலே போகப் பார்த்தது.

"அதேதான் மா. அந்தப் புருவம்தான். இந்த ஊர்ல புருவத்தைத் தூக்கினா, இதெல்லாம் ஒரு சம்பந்தமான்னு கேக்கிற மாதிரி. மூணு கேள்விக்கும் தூக்கியிருக்க. எங்க ஊர்ல அது ஆமாதான்னு நான் எடுத்துச் சொன்னேன். நம்பின மாதிரி தலையாட்டினாங்க."

ஜோவெலினின் குரல் இறங்கியது.

"அவங்களை விடு. என்னைக் கேளு. நியூசிலாந்து வேலைக்குப் போகட்டுமான்னு நான் கேட்டப்பவும் நீ இதைத்தான் பண்ணின. ஏர்போர்ட்டுலயும் ஒரு வார்த்தை வரலை. பக்கத்து வீட்டுப் பொண்ணை வழியனுப்ப வந்தவ மாதிரி நின்ன. உனக்குச் சம்மதமா, இல்ல நான் போனா போதும்னு இருந்தியா? இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது மா."

ரொசெந்தாவின் கண் கலங்கியது.

"மண்டபத்துல பெரிய திரை வெக்கிறாங்க. பெண்ணோட அம்மா ஒரு நிமிஷம் பேசணும்னு கேலமுக்கு ஆசை. எனக்கும்தான். உன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. உன் இடத்துல ஹெதரோட அக்கா பேசறேங்கறாங்க."

உன் இடத்தில். அந்த வார்த்தை போய்த் தைத்த இடம் எதுவென்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

"பேசறேன்."

"என்ன?"

"பேசறேன்னு சொன்னேன்."

"உன் குரல் மாறிடுச்சு மா" என்றாள் ஜோவெலின்.

மறுநாள் காலை ரொசெந்தா போனைச் சோற்றுக் குக்கரில் சாய்த்து வைத்து, தான் பேசுவதைத் தானே படம் பிடித்தாள். ஆங்கிலத்தில் இரண்டு வரி. போட்டுப் பார்த்தாள். கண் எங்கோ தரையில் கிடந்தது. குரல், கதவுக்குப் பின்னால் நின்று யாரோ இருமுவது போல. அழித்தாள். எங்கள் பிசாயா மொழியிலேயே முயன்றாள். அதிலும் அப்படித்தான் வந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஹெதரிடம் பேசாதது ஆங்கிலம் வாயில் வராததால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த மொழியிலும் அவளுக்குப் பேச்சுப் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

முதலில் ஆட்களிடம் பேச வேண்டும், திரை அப்புறம் என்று முடிவு செய்தாள். அன்று ஜீப்னியில் காசைக் கைப்பைக்குள் போட்டு மூடிவிட்டு, தன் இடம் வந்ததும் "லுகார் லாங்" என்றாள். ஓரமாக நிறுத்துங்கள் என்று கேட்க எல்லோரும் சொல்வதுதான். வண்டிக்குள் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இன்னொரு முறை சொன்னாள். பக்கத்திலிருந்தவருக்கே கேட்கவில்லை. ஜீப்னி அவளைக் கார்பன் சந்தை வரை கொண்டுபோய்த்தான் விட்டது. எல்லோரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தவளை டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"என்ன மனாங், வண்டியை வாங்கிட்டீங்களா?"

மூத்த பெண்களை இங்கே மனாங் என்போம். அந்த மனாங் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தாள்.

மறுநாள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே கத்தாகக் கத்தினாள். டிரைவர் மிதித்த பிரேக்கில் ஒரு கூடை மாம்பழம் உருண்டது.

"மனாங், பின்னாடி தீப்பிடிச்சிடுச்சோன்னு நினைச்சேன். கொஞ்சம் கம்மியாவே கத்தலாம், நான் இன்னும் செவிடாகலை."

வண்டியே சிரித்தது. ரொசெந்தா மாம்பழங்களைப் பொறுக்கிக் கொடுத்தாள். "மன்னிச்சுக்குங்க" என்றாள். அதுவும் சத்தமாகவே வந்துவிட்டது.

அந்தத் தெம்பில் நேராக மனாங் பாசிங்கின் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். சட்டிகளுக்கு முன்னால் கண்ணாடி வைத்த கடை. பாசிங் ஊர்க்கதை அத்தனையும் வைத்திருப்பவர். ரொசெந்தா வழக்கம்போல விரலை நீட்டத் தொடங்கி, பாதியில் மடக்கிக்கொண்டாள்.

"உம்பா குடுங்க. ரெண்டு புசோ."

பன்றிக் கறியும் ஓலைக்குள் அவித்த சோறும்தான் கேட்டாள். பாசிங்கின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"யாரு பேசினது? இன்டாய், தங்கச்சி, நீயா? இத்தனை வருஷமா வாய்ல புசோவை அடைச்சு வெச்சிருந்தியா?"

"எம் மகளுக்குக் கல்யாணம். நான் பேசணும்."

"ஜோபிங்குக்கா? எப்ப நிச்சயமாச்சு? எனக்கு ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே."

"கேட்டா மட்டும்? புருவத்தைத் தூக்கிட்டுப் போயிருப்ப. புருவத்துல பத்திரிகை அடிக்க முடியுமா?" என்று பாசிங் கரண்டியைக் குழம்பில் போட்டார். பிறகு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியும் அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் இந்தப் பெண் தினமும் இதே கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று போயிருக்கிறாள்.

"இனிமே வாயால கேட்டாத்தான் சோறு" என்றார்.

கூட்டம் குறைந்த மத்தியானங்களில் ஒத்திகை நடந்தது. பாசிங் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்து, பொரித்த மீனுக்கும் கறிச் சட்டிக்கும் நடுவே முகத்தை வைத்துக்கொள்வார்.

"நான்தான் ஹெதர். பேசு."

"வணக்கம். நான் ஜோவெலினுடைய அம்மா. இந்த நாளிலே..."

"மீனைப் பாத்துப் பேசாத. மீனா மாப்பிள்ளை? என்னைப் பாரு."

"இந்த நாளிலே நான் மிகவும்..."

"மெதுவா. துரத்தறாங்களா உன்னை?"

நடுவில் யாராவது வந்து நூடுல்ஸ் கேட்பார்கள். "இருப்பா, நியூசிலாந்துல கல்யாணம் நடக்குது" என்று பாசிங் அவர்களை நிறுத்தி வைப்பார். அவர்களும் நின்று கேட்டார்கள். அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக ரொசெந்தா முகங்களுக்கு முன்னால் பேசப் பழகினாள்.

திரை வேறு மாதிரி. அங்கே மீன் இல்லை, பாசிங்கின் கிண்டல் இல்லை. ஒரு மூலையில் தன்னுடைய முகமே தன்னை முறைத்துக்கொண்டிருக்கும். "நீ என்னைப் பாக்காம கீழ எங்கயோ பாக்கிற மா" என்றாள் மகள், ஒரு நாள் பேசிப் பார்த்தபோது. அதற்காக ரொசெந்தா மகளின் பள்ளிக்கூடப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, போனின் கேமராப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். தன் முகம் தெரிந்த மூலையைச் சின்ன வெள்ளைத் துண்டால் மறைத்தாள். பல் விழுந்த அந்தச் சிறுமியைப் பார்த்துப் பேசினால் குரல் நடுங்கவில்லை. ஆனால் அவளைப் பார்த்துப் பேசினால், எழுதி வைத்த வரிகளுக்குப் பதில் வேறு ஏதேதோ வார்த்தைகள் தொண்டைக்கு வந்தன. அவற்றை விழுங்கிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று காலையிலேயே பாசிங் வந்து கதவைத் தட்டினார். "நானும் கூட உக்காரட்டுமா?"

"வேணாம் மனாங். நீங்க இருந்தா நீங்கதான் பேசுவீங்க."

"அதுவும் சரிதான்" என்று பாசிங் சிரித்துக்கொண்டே போனார். அவர் செருப்புச் சத்தம் சந்து முனையில் அடங்கும் வரை ரொசெந்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டிருக்கலாமோ என்று தோன்றியிருக்கும். கதவைச் சாத்தினாள். திராட்சை நிற உடுப்பு, காதில் தெயோ வாங்கிக் கொடுத்த கம்மல், உதட்டில் கொஞ்சம் சாயம். கட்டிலில் இன்னொருவர் உட்காருவதற்கு இருந்த இடத்தில் இஸ்திரி போட்ட துணியை அடுக்கினாள்.

அங்கே மத்தியானம், இங்கே முற்பகல். போன் அடித்தது. திரையில் நீளமான மண்டபம், வெள்ளைத் துணி போட்ட மேசைகள். ஏதோ ஒரு உறவுக்காரப் பையன் மைக்கில் சொன்னான்.

"இப்போ பெண்ணோட அம்மா, செபுவிலேருந்து."

எல்லாத் தலையும் திரும்பின. முதல் மேசையில் ஹெதர். அவர் பக்கத்தில் அக்கா, கையில் மடித்த காகிதத்தோடு. நடுவில் வெள்ளைக் கவுனில் ஜோவெலின்.

"வணக்கம். நான் ஜோவெலினுடைய அம்மா" என்று ரொசெந்தா ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

அவள் குரல் மண்டபத்தில் மோதி, பெரிதாகி, தாமதமாக அவளிடமே திரும்பி வந்தது. யாரோ ஒருத்தி தன்னைப் போலவே தன்னைக் கேலி செய்வது மாதிரி இருந்தது. இதற்குப் பாசிங்கின் கடையில் ஒத்திகை இல்லை. அடுத்த வரி மறந்துபோனது. வாய் திறந்தபடி நின்றது. மண்டபத்தில் யாரோ செருமினார்கள். நாற்காலி ஒன்று நகர்ந்தது. மைக் பையன் "நெட் சரியில்லை போலிருக்கு" என்றான். ஹெதரின் அக்கா காகிதத்தைப் பிரித்துக்கொண்டு எழுந்தார். ஜோவெலின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருங்க."

பிசாயாவில்தான் வந்தது. ஜீப்னியை நிறுத்திய அதே சத்தம். அக்கா நின்றார்.

"ஜோபிங். நிமிந்து பாரு."

மகள் நிமிர்ந்தாள்.

"போகட்டுமான்னு நீ கேட்டப்ப நான் புருவத்தைத் தூக்கினேன். சரின்னு எடுத்துக்கிட்ட. ஆனா என் வாய்க்குள்ள வேற இருந்துச்சு. போகாதேன்னு இருந்துச்சு. வாயைத் திறந்தா அதுதான் வந்து விழும்னு தெரியும், அதனாலதான் திறக்கலை. ஏர்போர்ட்டுலயும் அதனாலதான். நீ உள்ள போனப்புறம் வெளிய நின்னு சொன்னேன். பக்கத்துல ஒரு டாக்ஸிக்காரர் இருந்தார், அவர் காதுலதான் விழுந்துச்சு."

எதிரொலி வந்துகொண்டேதான் இருந்தது. அவள் அதன் மேலேயே பேசினாள்.

"உங்கப்பா போனப்புறம் வீட்டுல சத்தம்னு இருந்தது நீதான். நீ போனதும் நான் யார்கிட்டயும் பேசலை. யார்கிட்டப் பேச? அது உன் தப்பில்ல. அன்னிக்குச் சொல்லாததை இன்னிக்குச் சொல்றேன், வாயால சொல்றேன். சம்மதம். நல்ல பையன். அவங்கம்மா நல்லவங்க. அன்னிக்கு அவங்க கேட்ட மூணுக்கும் சம்மதம்தான்."

முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கூப்பினாள்.

மண்டபம் கை தட்டியது. ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் தட்டினார்கள். ஹெதர் எழுந்தே நின்றுவிட்டார். கேலம் மனைவியின் தோளைத் தொட்டான்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

மைக் ஜோவெலினின் கைக்கு வந்தது. அவள் வாய் இரண்டு முறை திறந்து மூடியது.

"சம்மதம்னு சொன்னாங்க" என்றாள். அவ்வளவுதான் அவளால் மொழிபெயர்க்க முடிந்தது.

பெரிய திரை அணைந்தது. சற்று நேரத்தில் மகளின் சொந்தப் போனிலிருந்து அழைப்பு வந்தது. கோட்டுகள் தொங்கும் ஒரு சின்ன அறை. கண்மை கன்னம் வரை இறங்கியிருந்தது.

"அன்னிக்கே நீ சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன் மா."

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சதனாலதான்."

"மா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்ல. மூஞ்சியைத் துடை. மாப்பிள்ளை தேடுவார்."

"கட் பண்ணாத. உள்ள மேசை மேல வெச்சிட்டுப் போறேன். பாத்துக்கிட்டே இரு."

மகள் போனை ஒரு பூச்சாடியில் சாய்த்து வைத்துவிட்டு ஓடினாள். ஆனால் அது சரியாக நிற்கவில்லை, மெல்லச் சரிந்துவிட்டது. திரையில் மண்டபத்தின் கூரை, ஒரு விளக்குச் சரம், அவ்வப்போது கடந்து போகும் தோள்கள். பாட்டும் சிரிப்பும் கேட்டன. எதுவும் தெரியவில்லை. ரொசெந்தா அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திராட்சை நிற உடுப்பு வியர்வையில் முதுகோடு ஒட்டியது. எழுந்து மாற்ற மனமில்லை.

வெகு நேரம் கழித்து ஒரு கிழவரின் முகம் மேலிருந்து எட்டிப் பார்த்தது. யாரோ மறந்துவிட்டுப் போன போன் என்று நினைத்து எடுத்திருப்பார். காதில் கருவி மாட்டியிருந்தார்.

"யாரும்மா நீ?"

"நான் பெண்ணோட அம்மா."

"என்ன?"

"பெண்ணோட அம்மா. செபுவிலேருந்து பேசறேன்."

"ஓ, நீங்கதானா? அங்க இப்ப வெயிலா?"

"நல்ல வெயில்."

"இங்க குளிர். கேக் நல்லா இருந்துச்சு. உங்க பொண்ணு ஆடுறா, பாத்தீங்களா?"

"இங்கேருந்து தெரியலை. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாள் ரொசெந்தா, ஆங்கிலத்தில், அவர் காதுக்கு எட்டும் அளவுக்கு.

கிழவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டாள், வெறுங்காலோடுதான் ஆடுகிறாள், சிரிக்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுபடியும் கூரை தெரிந்தது.